மருத்துவ விசாவில் இருக்கும் அத்தை பினாங்கு போய்த் திரும்பும்போது சிகிச்சை தொடர்வதை எப்படிக் காட்டுவது?

கண்டரமாணிக்கத்தான்

அப்பச்சியின் தங்கை பிறந்தது எங்கள் ஊரில், வாழ்க்கைப்பட்டது பினாங்கில். திருமணமான சில ஆண்டுகளிலேயே மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டார். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "பிறந்த வீட்டில் இருந்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன்" என்று வந்துவிட்டார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை முடிந்து கீமோ நடக்கிறது. கடைசிச் சுற்று நெருங்குகிறது. அதற்குப் பிறகு கதிர்வீச்சு.

இடையில் பினாங்கில் பேத்தி கல்யாணம். போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார். மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானத்தில் திரும்புவதாகத் திட்டம்.

விசா விவரம்: கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் ஒட்டிக் கொடுத்த மருத்துவ விசா, ஓராண்டு, மூன்று நுழைவு. அத்தை மகளுக்கு உடனிருப்போர் விசா.

காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ்காரர் "ஒன்றும் வேண்டாம், பாஸ்போர்ட் போதும்" என்கிறார். இன்னொருவர் "சிகிச்சை நடுவில் நாட்டை விட்டுப் போனால் விசா செத்துவிடும்" என்கிறார். எது சரி? டிஸ்சார்ஜ் சம்மரி கைவசம் இருக்கிறது. அதைக் காட்டினால் போதுமா?

---

தேவகோட்டை ரஸ்தா

இரண்டாமவர் சொன்னதைத் தூக்கிப் போடுங்கள். வெளியே போனதால் மட்டும் விசா சாகாது. அப்படியானால் மூன்று நுழைவு என்று எதற்குப் போட்டுக் கொடுக்கிறார்கள்? கீமோவுக்கு வந்து, வீட்டுக்குப் போய், மறுபடி வருகிறவர்களுக்காகத்தான் அந்த ஏற்பாடே.

நுழைவுக் கணக்கை மட்டும் சரியாகப் போடுங்கள். முதன்முதலில் வந்து இறங்கினாரே, அது ஒன்று. கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவது இரண்டு. ஆக இன்னும் ஒன்றுதான் மிச்சம். "மூன்று முறை போய்வரலாம்" என்று எண்ணிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நடுவில் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறேன், பேரன் காதுகுத்துக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தால் கடைசி நுழைவும் தீர்ந்துபோகும். கதிர்வீச்சு பாதியில் நிற்கும். நீங்கள் எழுதியதை நம்பிச் சொல்கிறேன். விசா ஒட்டியிருக்கும் பக்கத்தை எடுத்து, எத்தனை நுழைவு, எந்தத் தேதி வரை என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். அதில் இருப்பதுதான் கணக்கு.

முதலாமவர் சொன்னது பாதி சரி. பெரும்பாலும் பாஸ்போர்ட்டும் விசாவுமே போதும். ஆனால் விசா இருப்பதாலேயே உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று கிடையாது. கவுண்டரில் இருக்கும் அதிகாரி, வந்த காரணம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் தாள்.

---

புதுவயல்காரன்

ரஸ்தா அண்ணன் பயமுறுத்துகிறார். எங்கள் மாமா முழங்கால் மாற்று அறுவைக்கு வந்தார், நடுவில் ஈப்போ போனார், திரும்பி வந்தார். ஒரு தாளும் கேட்கவில்லை. முத்திரை குத்தினார்கள், வெளியே வந்து காபி குடித்தோம். இல்லாத கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு மருத்துவமனை வாசலில் தவம் கிடக்க வேண்டாம்.

---

ஈப்போ மீனா

புதுவயல் அண்ணே, உங்கள் மாமா தடியூன்றி வந்திருப்பார். பார்த்ததுமே தெரிந்திருக்கும். எங்கள் அம்மாவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டுச் சேலை, தலையில் நல்ல சவுரி, பெட்டியில் அண்ணன் பிள்ளைகளுக்குச் சாக்லேட். "நீங்கள் நோயாளியா?" என்று கேட்டே விட்டார் அதிகாரி. எந்த விமான நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. எங்கும் நடக்கக்கூடியதுதான்.

கண்டரமாணிக்கத்தாருக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்: டிஸ்சார்ஜ் சம்மரியை நம்பிப் போகாதீர்கள். நாங்கள் நீட்டியது அதைத்தான். அதில் கடைசி வரி, சிகிச்சைச் சுற்று முடிந்தது, நோயாளி நல்ல நிலையில் வீடு திரும்புகிறார் என்பது. அதிகாரி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "முடிந்துவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறது? பிறகு எதற்கு மருத்துவ விசாவில் வருகிறீர்கள்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஒரு கட்டம் முடிந்தது என்ற அர்த்தத்தில் மருத்துவமனை எழுதியது, வாசிக்கிறவருக்கு எல்லாமே முடிந்ததாகப்படுகிறது.

ஃபைல் முழுக்க ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பில். எல்லாம் போன மாதம், அதற்கு முந்தைய மாதம். வரப்போகிற தேதி என்று ஒன்றுகூட இல்லை. ஓரமாக உட்கார வைத்தார்கள். இரவு நேரம், மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் போனை எடுக்க ஆள் இல்லை. ஒருவழியாக டாக்டரின் உதவியாளர் மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். அம்மா கடைசிவரை தைரியமாக இருந்தார், எனக்குத்தான் கை நடுங்கியது.

---

தேவகோட்டை ரஸ்தா

மீனா சொன்னதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. நடந்த சிகிச்சைக்கு ஆயிரம் தாள் இருக்கும். கவுண்டரில் தேவைப்படுவது, நடக்கப்போகிற சிகிச்சைக்கு ஒரே ஒரு தாள்.

என்ன எழுதி வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், சிகிச்சை தரும் மருத்துவர் கையெழுத்து, பதிவு எண், சீல், பயணத்துக்குச் சற்று முன்பான தேதி. உள்ளே நாலே வாக்கியம் போதும். இன்ன பாஸ்போர்ட் எண் கொண்ட இன்னார் இன்ன தேதியிலிருந்து எங்களிடம் இன்ன நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். இதுவரை இன்னது முடிந்திருக்கிறது. குடும்ப நிகழ்ச்சிக்காக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அவர் பயணம் செய்வதில் மருத்துவ ரீதியாக ஆட்சேபம் இல்லை. இன்ன தேதியில் எங்கள் மருத்துவமனையில் அடுத்த கட்டச் சிகிச்சை தொடங்குகிறது, அது ஏறத்தாழ இத்தனை வாரம் நீடிக்கும்.

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் தாள்தான். அதில் தேதி இருக்க வேண்டும். "தொடர் சிகிச்சை தேவைப்படலாம்" என்று வழவழவென்று எழுதிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். கதிர்வீச்சுக்குத் திட்டமிடும் ஸ்கேன் என்று ஒன்று முதலில் எடுப்பார்கள். அதற்கு முன்பதிவு செய்து, அந்தச் சீட்டையும் கூடவே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. முன்பணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும்.

பிறகு, இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். மீனா மாட்டிக்கொண்டது அங்கேதான்.

---

காரைக்குடி செவிலி

புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தாள் விஷயத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, கல்யாணத் தேதியை வைத்துப் பயணத்தைத் தீர்மானிக்காதீர்கள். கீமோ தேதியை வைத்துத் தீர்மானியுங்கள். பல மருந்துகளில், ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வாக்கில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் கல்யாண மண்டபக் கூட்டம், கட்டிப்பிடித்து அழும் உறவினர்கள், பந்தியில் பச்சைக் காய்கறி, இதெல்லாம் ஆபத்து. காய்ச்சல் நூறு டிகிரியைத் தாண்டினால் பாரசிட்டமால் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. பினாங்கில் எங்கே போவது என்று இப்போதே முடிவு செய்துவையுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு இரத்த அணுப் பரிசோதனை, அதன் முடிவை மருத்துவர் பார்த்த பிறகே டிக்கெட்.

கதிர்வீச்சு தொடங்கிவிட்டால் அசையக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் விடாமல் போகும். நடுவில் இடைவெளி விழுந்தால் பலன் குறையும். அதனால் கீமோ முடிந்து கதிர்வீச்சு தொடங்கும் முன் கிடைக்கும் அந்த இடைவெளிதான் அத்தைக்கு வாய்ப்பு. பொதுவாக ஒரு மாத அளவில் இருக்கும். எத்தனை நாள் என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள்.

விமானத்தில் நாலு மணி நேரம். புற்றுநோயாளிகளுக்குக் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். ஓர இருக்கை எடுங்கள், நடுநடுவே நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அறுவை செய்த பக்கத்துக் கையால் பெட்டி தூக்க விடாதீர்கள். அத்தை கேட்க மாட்டார், தெரியும். அந்தக் கால ஆச்சிமார் எல்லாம் அப்படித்தான்.

கழுத்துக்குக் கீழே கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) வைத்திருந்தால், அதற்கு ஓர் அடையாள அட்டை தந்திருப்பார்கள். அது பர்ஸிலேயே இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனையில் தடவிப் பார்க்கும்போது தட்டுப்படும்.

கடிதம் வாங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் "ஒரு லெட்டர் வேண்டும் டாக்டர்" என்று கேட்டால், ஜூனியரைக் கை காட்டுவார். ஜூனியர் பழைய படிவத்தை எடுத்து நிரப்புவார். ரஸ்தா சொன்ன நாலு வாக்கியத்தையும் நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய், "இதில் தவறு இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்று கொடுங்கள். அன்றைக்கே கையெழுத்தாகும்.

---

கண்டரமாணிக்கத்தான்

எல்லாருக்கும் நன்றி. செவிலி அக்கா சொன்னபடி மருத்துவரிடம் பேசினோம். இடைவெளியிலேயே போய்வரச் சம்மதம் கொடுத்துவிட்டார்.

இப்போது புதுச் சிக்கல். மலேசியப் பாஸ்போர்ட்டில் அத்தை பெயர், நடுவில் ஏ/பி (இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) போட்டு, அதன்பின் ஐயா பெயருடன் முழுதாக இருக்கிறது. மருத்துவமனையில் பெயரைப் பதிந்தது என் தம்பி. அவன் நம் வழக்கப்படி முன்னால் ஒரே ஓர் இனிஷியல் போட்டு, வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டான். எல்லா ஃபைலிலும் அந்தப் பெயர்தான். அத்தை மெய்யம்மை, வீட்டில் கூப்பிடுவது சிட்டாள். ஃபைலில் சிட்டாள் என்று இருக்கிறது!

---

ஈப்போ மீனா

சிட்டாள் ஆச்சியை மெய்யம்மை ஆச்சியாக்கும் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைப் பதிவுப் பிரிவுக்குப் போனால் மாற்றித் தருவார்கள். ஏ/பி உட்பட பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுத்துக்கு எழுத்து. இனிமேல் வரும் தாள் எல்லாம் புதுப் பெயரில் வரும். பழைய தாள்களைத் திருத்த மாட்டார்கள், அதனால் கடிதத்தில் "மருத்துவமனைப் பதிவு எண் இன்னது, முன்பு இன்ன பெயரில் பதியப்பட்டிருந்தது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எண் இருப்பதால் மற்றபடி தொல்லை வராது.

---

ராயவரம் வளவு

எல்லாரும் விமான நிலையத்தையே பேசுகிறீர்கள். வீட்டை யாரும் பேசவில்லை.

அத்தை எங்கே தங்கியிருக்கிறார்? கண்டரமாணிக்கம் வீட்டில். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவருக்குத் தங்க இடம் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிய வேண்டும். சி படிவம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். ஓட்டலுக்கு மட்டும்தான் என்று நம் ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஓட்டலாக நடத்துகிறவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சொந்த அத்தையை வளவுக்குள் தங்க வைக்கிற நமக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "எங்கள் வீட்டுப் பெண், அவளுக்கு எதற்குப் படிவம்?" என்று என் பெரியப்பா என்னிடம் சண்டைக்கே வந்தார். பெண் நம் வீட்டுப் பெண்தான், பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது ஆயிற்றே.

அடுத்தது பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட மருத்துவ விசாவில் வந்தவர்கள், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். 2018 முதல் இது இ-எப்.ஆர்.ஆர்.ஓ. என்ற அந்த அலுவலகத்தின் இணையதளத்திலேயே நடக்கிறது. கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும். மாவட்டங்களில் இதற்கு அலுவலர் காவல் கண்காணிப்பாளர். கண்டரமாணிக்கம் உங்களுக்குச் சிவகங்கை. எங்கள் ராயவரம் புதுக்கோட்டை. செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. விலாசத்தில் மாவட்டத்தை மாற்றிப் போட்டு அலைந்தவர்கள் உண்டு.

ஒரே விசாவில் எத்தனை முறை போய்வந்தாலும் இந்தப் பதிவு ஒரு தடவைதான். ஆனால் வீட்டில் தங்க வைப்பதற்கான படிவம் ஒவ்வொரு வருகைக்கும் தனி. கல்யாணம் முடிந்து திரும்பிய அன்றே மறுபடி போட வேண்டும்.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் என்று புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறார்கள். தங்க இடம் கொடுப்பவர்களோடு, மருத்துவமனைகளும் தங்களிடம் உள்ள வெளிநாட்டு நோயாளிகளைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஆக, மருத்துவமனை கொடுக்கிற தகவலும் நீங்கள் கொடுக்கிற தகவலும் ஒத்துப்போக வேண்டும். சிட்டாளும் மெய்யம்மையும் வேறு வேறு ஆளாக இருந்தால் அங்கேயும் இடிக்கும்.

---

புதுவயல்காரன்

ஒரு கல்யாணத்துக்குப் போய்வர இத்தனை தாளா? அந்தக் காலத்தில் நம் ஐயாக்கள் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனபோது இவ்வளவு தூக்கிக்கொண்டா போனார்கள்?

---

ராயவரம் வளவு

தூக்கிக்கொண்டுதான் போனார்கள். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பாட்டையா காலத்துப் பயண அனுமதி, தடுப்பூசிச் சான்று, கடைக் கணக்கு எல்லாம் துணியில் சுற்றி இன்னும் இருக்கிறது. தாளைப் பத்திரப்படுத்துவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. நாம்தான் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விமானத்தை விட்டு இறங்கும்போது சார்ஜ் இல்லாமல் நிற்கிறோம். கண்டரமாணிக்கத்தாரே, அச்சடித்த தாள் கையில் இருக்கட்டும். பெட்டியில் போடாதீர்கள், பெட்டி வருவது இமிகிரேஷனுக்குப் பிறகுதான்.

---

மானகிரி மைனர்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய். சிங்கப்பூர் குடிமகள், இங்கே கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர்கள் உடம்பிலிருந்து வரும் கதிர்வீச்சு வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, விமான நிலையங்களில் உள்ள கருவிகளில் மணியடிக்கும். அக்காவுக்கு அடித்தது. மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் போட்டு அணு மருத்துவப் பிரிவில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சில் உடம்பில் எதுவும் தங்காது, அத்தைக்கு இந்தக் கவலை இல்லை. இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

---

காரைக்குடி செவிலி

மைனர் நல்ல விஷயத்தை நினைவுபடுத்தினார். மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். வலிக்கு டிராமடால், மார்ஃபின் போன்றவை இருந்தால் மாத்திரைப் பட்டையை வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கடை பில், மருந்துச் சீட்டு, மூல அட்டை எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் வேதிப்பெயரும் எழுதி வாங்குங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவுக்குள் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது. மார்ஃபின் வகை இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள விதியை அத்தை மகளை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

---

கோலாலம்பூர் பெரியப்பா

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி. மெய்யம்மை ஆச்சி இந்தியாவில் பிறந்தவர்தானே? ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு நேராகவே தகுதி உண்டே. அது இருந்தால் நுழைவுக் கணக்கு கிடையாது, பதிவு கிடையாது, சிகிச்சை தொடர்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்று பயந்துகொண்டு இங்கே பலர் எடுக்காமல் இருக்கிறார்கள். ஓ.சி.ஐ. குடியுரிமையே அல்ல. பெயரில்தான் குடிமகன் என்று வருகிறது. வாக்குரிமை கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. நாள் கணக்கில்லாத விசா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா

பெரியப்பா சொல்வது சரி, ஆனால் இந்தப் பயணத்துக்கு உதவாது. விண்ணப்பத்துக்கு அவர் இந்தியராக இருந்ததற்கான ஆதாரம் வேண்டும். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டோ, பிறப்புச் சான்றோ. அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்த பெண்களுக்குப் பிறப்புச் சான்று ஏது? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் என்றால், அதைக் கைவிட்டதற்கான சான்றும் கேட்பார்கள். கதிர்வீச்சு முடிந்து ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை. இப்போது கையில் இருக்கும் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்துவோம்.

அத்தை மகள் விஷயத்தில் ஒன்று. உடனிருப்போர் விசா நோயாளியின் விசாவோடு கட்டப்பட்டது. அத்தையின் விசா முடிகிற அன்றே அதுவும் முடியும். இருவரும் ஒரே விமானத்தில் வரட்டும், ஒரே கவுண்டரில் நிற்கட்டும். மருத்துவர் கடிதத்திலேயே "உடன் இருந்து கவனிப்பவர்" என்று மகளின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்தால் இரண்டு கடிதம் தேவையில்லை. கல்யாண வேலை பாக்கி இருக்கிறது என்று மகள் பின்தங்கி, பத்து நாள் கழித்துத் தனியாக வருவதாக இருந்தால், கடிதத்தின் நகலும் அத்தையின் விசாப் பக்க நகலும் அவர் கையில் இருக்க வேண்டும்.

---

கண்டரமாணிக்கத்தான்

கல்யாணம் நன்றாக நடந்தது. அத்தையும் மகளும் திருச்சியில் வந்து இறங்கிவிட்டார்கள். 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டினருக்கு வந்திருக்கும் மின் வருகை அட்டையை விமானம் ஏறுவதற்கு முன்பே நிரப்பிவிட்டோம். கவுண்டரில் எந்த மருத்துவமனை, இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை பதில் சொல்லத் தொடங்கும் முன் மகள் கடிதத்தை நீட்ட, அதிகாரி அடுத்த சிகிச்சைத் தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தைக்கு ஏமாற்றம், பேத்தி கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். ஃபைலைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் படிவம் போட்டாயிற்று. திட்டமிடும் ஸ்கேன் முடிந்து கதிர்வீச்சு தொடங்கிவிட்டது.

---

புதுவயல்காரன்

நான் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

---

ஈப்போ மீனா

அண்ணே, இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

---

பள்ளத்தூர் பேரன்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்கள் சித்தப்பா இணையத்தில் எடுத்த இ-மெடிக்கல் விசாவில் வந்து, கண் அறுவை செய்துகொண்டார். ஒரு கண் முடிந்தது, மறு கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி. நடுவில் கடையைப் பார்க்கக் கோலாலம்பூர் போய் இருபது நாள் கழித்து வருகிறேன் என்கிறார். அவருக்கும் மூன்று நுழைவுதான். மேலே சொன்ன கடிதம் போதுமா?

---

தேவகோட்டை ரஸ்தா

கடிதம் வேண்டும், ஆனால் உங்கள் சித்தப்பாவுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இ-மெடிக்கல் விசா 60 நாள். அது முதன்முதலில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஓடும். கோலாலம்பூரில் இருக்கும் இருபது நாளும் அதில் கழியும். வெளியே போனால் கணக்கு நிற்கும் என்று பலரும் தப்பாக நினைக்கிறார்கள். அவர் எந்தத் தேதியில் முதலில் வந்தார்?

---

பள்ளத்தூர் பேரன்

வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

---

தேவகோட்டை ரஸ்தா

அப்படியானால் திரும்பி வரும்போது பத்து நாள்தான் மிச்சம் இருக்கும். மறு கண் அறுவைத் தேதி அந்தப் பத்து நாளுக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அறுவைக்குப் பிறகு மறுநாள் ஒரு பரிசோதனை, ஒரு வாரம் கழித்து ஒன்று என்று கூப்பிடுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடிக்கிறது என்றால் இரண்டே வழி. கோலாலம்பூர் பயணத்தை விட்டுவிட்டு, இங்கிருந்தபடியே மருத்துவமனைக் கடிதத்துடன் இ-எப்.ஆர்.ஆர்.ஓ.வில் நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது. அது அவர்கள் பார்த்து முடிவு செய்வது, கிடைத்தே தீரும் என்று எண்ண வேண்டாம். அல்லது இந்த விசாவில் இப்போது கிளம்பிப் போய், மறு கண்ணுக்குப் புது விசா எடுத்துக்கொண்டு வருவது. கடையைப் பார்க்க ஆள் இல்லை என்றால் இரண்டாவது வழியே மேல்.

---

பள்ளத்தூர் பேரன்

மூட்டு வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சித்தப்பாவின் பங்காளி ஒருவரும் வருவதாகச் சொல்கிறார். அவருக்கும் இதே இ-மெடிக்கல்தானா?

---

ராயவரம் வளவு

ஆயுர்வேதம், சித்தா போன்றவற்றுக்கு 2023 ஜூலையில் ஆயுஷ் விசா என்று தனிப் பிரிவு கொண்டுவந்துவிட்டார்கள். இணைய வழியிலும் உண்டு. வருகிற இடம் வைத்தியம் செய்ய அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். ஊரில் எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கும் வைத்தியர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு விசாவுக்குச் செல்லாது.

---

பள்ளத்தூர் பேரன்

அந்த வைத்தியர் எழுதிக் கொடுக்கவே மாட்டார், வாயால்தான் சொல்வார். சரி, அங்கீகாரம் பெற்ற இடமாகப் பார்க்கச் சொல்கிறேன். சித்தப்பா பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். மறு கண்ணுக்குத் தேதியை முன்னால் கேட்டிருக்கிறோம்.